லினன் லேஸ்: திண்டிலிருந்து இறக்குவது முதல் பெட்டியில் வைப்பது வரை

முதன்முதலாக ஒரு கைக்குட்டைக்கு லினன் நூலில் லேஸ் ஓரம் பின்னினேன். இரண்டு மாதம் ஆனது. முடித்த அன்று சாயங்காலமே, பின்னலைத் திண்டில் பிடித்திருந்த குண்டூசிகளைப் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, கொடியில் காயப்போட்டேன். காலையில் போய்ப் பார்த்தால், விசிறி விசிறியாக வந்திருந்த ஓரம் முழுக்கச் சுருண்டு கயிறு மாதிரி தொங்குகிறது. இஸ்திரி போட்டுப் பார்த்தேன், நசுங்கியதே தவிர விரியவில்லை. மறுபடி நனைத்து, பலகையில் விரித்து, ஒவ்வொரு துளையிலும் ஊசி குத்திக் காய வைத்தேன். அதன் பிறகுதான் நான் பின்னியது என்ன டிசைன் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஈரமாக இருக்கும்போது லினன் நாம் சொன்னபடி கேட்கும். காய்ந்துவிட்டால், காய்ந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். அதனால் துவைப்பதும் காய வைப்பதும் லேஸ் வேலையின் பாதி. இங்கே சொல்வதெல்லாம் திண்டில் குண்டூசி குத்தி, பாபின் என்கிற நூல் சுற்றிய சின்னக் குச்சிகளை ஜோடி ஜோடியாக வைத்துப் பின்னும் லேஸை மனதில் வைத்துத்தான். ஊசியால் பின்னும் லேஸுக்கும் லினன் குரோஷாவுக்கும் துவைக்கும் பகுதி அப்படியே பொருந்தும்.

இந்தக் கலை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. நாகர்கோவிலில் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அவர்களுடைய மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதைத் தொடங்கினார். லேஸுக்குத் தமிழில் ரேந்தை என்று ஒரு சொல்லே இருக்கிறது. போர்ச்சுகீசிய ‘ரெந்தா’விலிருந்து வந்தது. இன்றைக்கு நூலும் பாபினும் கிடைத்துவிடுகின்றன, பின்னும் முறையைக் காட்டும் வீடியோக்களும் நிறைய. பின்னி முடித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் நிதானமாகச் சொல்வதில்லை.

நூலின் குணம்

ஆளிவிதை தருகிற அதே செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார்தான் லினன். பருத்தியைப் போல இதுவும் செல்லுலோஸ். நனைந்தால் பலம் குறையாது, கூடும். அதனால் நல்ல நிலையில் இருக்கிற லினனைத் தண்ணீரில் போடப் பயப்பட வேண்டாம். ஆனால் இழுவைத் தன்மை கிடையாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்த மடிப்பிலேயே நார் முறிந்துவிடும். காரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், அமிலம் ஆகாது.

உலர்ந்த காற்றும் அதற்குப் பிடிக்காது. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் மயிரிழை போன்ற லேஸ் நூலை அந்தக் காலத்தில் ஈரம் கசியும் நிலவறைகளில் உட்கார்ந்து நூற்றார்கள். மேலே வெளிச்சத்திலும் காற்றிலும் உட்கார்ந்தால் நூல் அறுந்துவிடும் என்பதுதான் காரணம். ஏசி அறையில் பின்னும்போது நூல் அடிக்கடி அறுகிறதா? ஏசியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நூல் வாங்கும்போது 60/2 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். ஒரு பவுண்டு எடையில் 300 கஜ நீளமுள்ள சிட்டம், அதாவது நூல் கட்டு, எத்தனை வரும் என்பதுதான் முதல் எண். எண் கூடக் கூட நூல் மெலியும். இரண்டாவது எண், எத்தனை புரி சேர்த்து முறுக்கியது என்பது. இந்த நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். துணியில் தைக்கும்போது தேவைப்படும்.

திண்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

கைக்குட்டை ஓரம் மாதிரி சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் லேஸ் என்றால், தொடக்கத்தையும் முடிவையும் சேர்க்க வேண்டும். தொடங்கும்போது ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஊசியில் தொங்கியதால் அங்கே ஒரு சின்ன வளையம் இருக்கும். முடிவில் அதே ஜோடி அந்த வளையத்துக்கு வந்து சேரும். 0.6 மில்லிமீட்டர் குரோஷா ஊசியை வளையத்துக்குள் விட்டு, ஜோடியில் ஒரு நூலைக் கொக்கியால் மேலே இழுத்து, அந்த வளைவுக்குள் மற்ற பாபினை நுழைத்து இரண்டையும் மெதுவாக இறுக்குங்கள். பிறகு சதுர முடிச்சு.

முடிச்சில் ஒரு விஷயம். லினன் நூல் விறைப்பானது, போட்ட முடிச்சை அதுவே தளர்த்திவிடும். விரல் நுனியை ஈரமாக்கி நூலைத் தொட்டுவிட்டு முடிச்சைப் போட்டால் நின்றுவிடும். நான் வலம், இடம், மறுபடி வலம் என்று மூன்று முறை போடுகிறேன். இரண்டு போதும் என்பவர்களும் உண்டு. பருத்தியில் இரண்டு போதும்தான். லினனில் மூன்றாவது இருந்தால் நிம்மதி.

முடிச்சு போட்டதும் நூலை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டி பாபின்களை விடுவியுங்கள். மீதி நூலுக்குப் பிறகு வேலை இருக்கிறது.

அப்புறம், சும்மா விடுங்கள். குறைந்தது ஒரு முழு நாள், ஊசிகள் இருந்தபடியே திண்டு இருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டரை நிரப்பிய ஸ்பிரே பாட்டிலால் ஒரு கை தூரத்திலிருந்து ஒரே ஒரு முறை பனி மாதிரி தெளித்துக் காய விடலாம். பித்தளை ஊசியோ துருப்பிடிக்காத ஊசியோ குத்தியிருந்தால் மட்டும். ஊசி என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் தெளிக்க வேண்டாம்.

ஊசியை எடுக்கும்போது நடுவில் இருப்பவற்றை முதலில், ஓரத்தில் இருப்பவற்றைக் கடைசியில். நேர் மேலாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ஊசித் தலை நூலில் மாட்டி அந்தத் துளை பெரிதாகிவிடும். கையளவு லேஸில் நூற்றுக்கணக்கில் ஊசி இருக்கும், உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

நூல் நுனிகள்

தொங்கும் நுனிகளை மறைப்பதற்கு இரண்டு வழி. முதலாவது, ஒவ்வொரு நுனியையும் மெல்லிய மொட்டை ஊசியில் கோத்து, அந்த நூல் ஏற்கெனவே போன பாதையிலேயே நாலைந்து பின்னல் தூரம் திரும்ப ஓட்டுவது. துணி மாதிரி அடர்த்தியாகப் பின்னிய பகுதியில் இதைச் செய்தால் கண்ணுக்கே தெரியாது. வலை மாதிரி இருக்கும் பகுதியில் இரட்டை நூல் தடிப்பாகத் தெரியும். இரண்டாவது, துணியோடு தைக்கப்போகும் நேர் ஓரத்துக்கு நுனிகளைக் கொண்டுவந்து கட்டாகச் சேர்த்து, மெல்லிய நூலால் சுற்றித் தைப்பது. தைத்த பிறகு அது துணி விளிம்புக்கு அடியில் போய்விடும்.

எந்த வழியானாலும், துவைத்துக் காய வைத்த பிறகே மீதி நூலை ஒட்ட வெட்டுங்கள். முதல் தடவை நனைந்து காயும்போது எல்லா நூலும் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். முன்னாலேயே வெட்டியிருந்தால் நுனி முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

எந்தத் தண்ணீர்?

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் கால்சியம் நிறைய இருக்கும், சில இடங்களில் இரும்பும் இருக்கும். கட்டி சோப்பு கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காக மாறும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அது நூலுக்குள் போய் ஒட்டி, நாளாக ஆக மஞ்சளாகும். வெள்ளை லேஸ் அலமாரியில் இருந்தபடியே பழுப்பானதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

ஆர்ஓ தண்ணீர் நன்றாகவே போதும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருந்தால் உத்தமம். பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: அதே கடையில் அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். அது கந்தக அமிலம். லினன் இருந்த இடம் தெரியாமல் போய்விடும், உங்கள் கையும் பத்திரமில்லை. லேபிளைப் படித்து, மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எதால் துவைப்பது? வாசனையும் நிறமும் இல்லாத, நடுநிலையான திரவ சோப்பு. அருங்காட்சியகங்களில் பழந்துணிகளுக்குச் சோடியம் லாரில் சல்ஃபேட்டைத் தண்ணீரில் மிகக் குறைவாகக் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கு, 4 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மென்மையான திரவ சோப்பு போதும். வாஷிங் பவுடர் வேண்டவே வேண்டாம். பளிச்சென்று காட்டுவதற்காக அதில் ஒளிரும் சாயம் சேர்த்திருப்பார்கள். லினனின் இயற்கையான தந்த நிறம் போய் நீலம் பாய்ந்த வெள்ளையாகிவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது. சொட்டு நீலமும் அப்படியே.

பூந்திக்கொட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பட்டுக்கு அது அருமையானது. ஆனால் ஊறிய தண்ணீர் பழுப்பாக இருக்கும், கொஞ்சம் அமிலத்தன்மையும் உண்டு. வெள்ளை லினன் லேஸில் அந்தப் பழுப்பு தங்கிவிடும். சீயக்காயும் வேண்டாம்.

அலசுவது

லேஸைத் தனியாகத் தண்ணீரில் விடக்கூடாது. நனைந்த லேஸ் கனமாகும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மொத்த எடையும் நாலு நூலில் தொங்கும். கொசுவலைத் துணியில் இரண்டு துண்டு வெட்டி, நடுவில் லேஸை விரித்து வைத்து, சுற்றிலும் பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். இனி நீங்கள் தூக்குவது வலையை, லேஸை அல்ல. நீளமான ஓரம் என்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது: கண்ணாடி பாட்டிலில் பழைய வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றித் தைத்து, அதன்மேல் லேஸைத் தளர்வாகச் சுற்றி, நுனியை ஒரு தையல் போட்டு, பாட்டிலோடு தண்ணீரில் முக்குவது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் லேஸ் துவைத்தார்கள்.

நனைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் லேஸை வைத்துப் பென்சிலால் வெளிக்கோடு வரைந்து, நீளம் அகலம் எழுதி வையுங்கள். சதுரம் என்றால் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். காய வைக்கும்போது இந்தத் தாள்தான் வழிகாட்டும்.

தட்டையான அகலப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறைப் பிளாஸ்டிக் டப் சரியாக இருக்கும், துருப்பிடித்த எதுவும் கூடாது. சாதாரண வெப்பத்தில் இருக்கிற ஆர்ஓ தண்ணீரில் சோப்பு எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் ஊற வையுங்கள். புதிய லேஸ் என்றாலும் தண்ணீர் கொஞ்சம் கலங்கும். மாதக்கணக்கில் நம் விரல் பட்ட எண்ணெய்ப் பசை அது. வெளுக்காத லினன் என்றால் டீ நிறத்தில் சாயம் இறங்கும், பதற வேண்டாம். தண்ணீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள்.

பிறகு சோப்புத் தண்ணீர், 20 நிமிடம். கசக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. உள்ளங்கையை வலைமேல் வைத்து அமுக்கி எடுங்கள், மாவு பதம் பார்ப்பது போல. அமுக்கும்போது தண்ணீர் நூலுக்குள் போகும், எடுக்கும்போது அழுக்கோடு வெளியே வரும். வேலை அவ்வளவுதான்.

அலசுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுரை போன பிறகும் இரண்டு முறை. எனக்கு வழக்கமாக ஏழெட்டுத் தண்ணீர் ஆகிறது. சோப்பு மிச்சம் நூலில் தங்கினால் அதுவே பிறகு மஞ்சள் கறையாகும்.

கறைகள்

ரத்தம்: பின்னும்போது குண்டூசி குத்தி ஒரு புள்ளி ரத்தம் படாத ஆள் கிடையாது. உடனே என்றால் நம் எச்சிலைத் தொட்டு வைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசினாலே போகும். சூடான தண்ணீர் பட்டால் கறை உறைந்துவிடும்.

மஞ்சள்: லேஸ் வைத்த மேஜைவிரிப்பில் சாம்பார் சிந்தினால், சோப்பு பட்டவுடன் குங்குமம் மாதிரி சிவக்கும். பயந்து மேலும் மேலும் சோப்பு போட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். நன்றாக அலசிவிட்டு ஈரத்தோடு அரை மணி நேரம் வெயில் காட்டுங்கள். மஞ்சளின் சாயம் வெயிலில் சிதைந்துவிடும். லினனை வெயிலில் காய வைக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

டீ, காபி: ஹைட்ரஜன் பெராக்ஸைடு உதவும். மருந்துக் கடையில் பெரும்பாலும் 6 சதவீதம் கிடைக்கும், சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்தால் 3 சதவீதம். கறைமேல் மட்டும் பஞ்சுக் குச்சியால் தொட்டு வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, போனதும் அலசுங்கள். ஆனால் லேஸில் எங்கேயாவது துருப் புள்ளி இருந்தால் பெராக்ஸைடைத் தொடவே தொடாதீர்கள். இரும்பு பட்டால் அது வெறிகொண்ட மாதிரி வேலை செய்து அந்த இடத்து நூலையே தின்றுவிடும். கறை போகும், கூடவே ஓட்டை விழும்.

துரு: புதிய, பலமான லேஸில் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் நிறையத் தண்ணீரில் அலசலாம். சாறு நூலிலேயே காய்ந்தால் அந்த அமிலம் நூலை அரிக்கும். பழைய லேஸில் துரு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

குளோரின் பிளீச் எந்தக் கறைக்கும், எந்தக் காலத்திலும் வேண்டாம்.

பலகையில் விரிப்பது

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அவசரமில்லாத ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

தெர்மாகோல் பலகை, இரண்டு அங்குலத் தடிமன். மேலே நீங்கள் வரைந்து வைத்த தாள், அதற்கு மேல் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட். தாளின் பென்சில் கோடு ஈரத்தில் லேஸில் ஒட்டாமல் இருக்க ஷீட் இறுக்கமாக இருக்கட்டும்.

ஊசி விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய பளபளவென்ற குண்டூசிகளைக் குத்தி வைத்தேன். மறுநாள் எடுத்தபோது நாற்பது இடத்தில் பழுப்புப் புள்ளி. மேல்பூச்சு போன இரும்பு ஊசி அது. அதிலிருந்து எந்த ஊசியானாலும் முதலில் சோதித்துவிடுகிறேன்: நனைந்த வெள்ளை டிஷ்யூவில் நாலு ஊசியைச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துவிட வேண்டும். காலையில் டிஷ்யூ வெள்ளையாகவே இருந்தால் அந்தப் பெட்டியை நம்பலாம். பித்தளையும் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தேறும்.

லேஸை வலையோடு எடுத்து, வெள்ளைத் துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்குங்கள். பிழிய வேண்டாம். சொட்டாத அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். வலையைப் பிரித்து லேஸைத் தாளின் கோட்டுக்கு மேல் வைத்து விரல் நுனியால் தட்டி விரியுங்கள்.

முதலில் நேர் ஓரம். நாலு மூலையையும் குத்தி, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளந்து பாருங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு ஊசி, அதற்கும் மூலைக்கும் நடுவில் ஒன்று என்று பாதி பாதியாகப் போங்கள். ஒரு முனையிலிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டே போனால், ஈர லினன் நம்மை அறியாமல் இழுபட்டுக் கடைசி மூலையில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும்.

ஊசி எப்போதும் துளையில்தான் இறங்க வேண்டும், நூலைக் குத்தக்கூடாது. பின்னும்போது ஊசி இருந்த அதே துளைகள்தான், பார்த்தாலே தெரியும்.

அடுத்தது பூ ஓரம். ஒவ்வொரு வளைவின் உச்சியில் முதலில் ஒன்று, பிறகு இரண்டு வளைவு சேரும் பள்ளத்தில் ஒன்று, அப்புறம் மிச்சம். உச்சியில் வைக்கும் ஊசி நூலை நேராக்கினால் போதும், இறுக்கினால் வளைவு கூர்மையாகிவிடும். ஓரத்தில் குட்டி வளையங்கள் இருந்தால் அவற்றைக் கடைசியில், ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசி விட்டு லேசாகத் திறந்து விடுங்கள். பின்னல் நடுவில் இலை வடிவங்கள் வந்திருந்தால், அவை சுருங்கியிருக்கிறதா என்று பார்த்து மொட்டை ஊசியால் இரண்டு பக்கமும் தொட்டு வயிறு வரும்படி சரிசெய்யுங்கள். அந்த இலை விரிகிற நேரத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை ஊசியும் குத்துகிறேன் என்று தோன்றும்.

நடுவில் லேஸ் காய்ந்துகொண்டே வந்தால் ஸ்பிரே செய்துகொள்ளுங்கள். காய்ந்த லினனை இழுத்து வழிக்குக் கொண்டுவர முயலாதீர்கள்.

காய வைப்பது நிழலில், காற்றோட்டமாக. ஃபேன் மெதுவாக ஓடட்டும். அந்தக் காலத்தில் ஹாலந்தின் ஹார்லெம் ஊரில் லினனைப் புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுத்தார்கள், உண்மைதான். அது முழுத் துணிக்கு. வெயில் நூலைப் பலவீனப்படுத்தும், லேஸில் ஒரு நூல் போனால் ஒரு துளையே போகும். கையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் முழுதாக ஒரு நாள் விட்டு ஊசியை எடுங்கள்.

இஸ்திரியும் கஞ்சியும்

ஒழுங்காக விரித்துக் காய வைத்த லேஸுக்கு இஸ்திரி தேவைப்படாது. எப்போதாவது தேவை என்றால், கனமான துண்டின் மேல் லேஸைக் கவிழ்த்து வைத்து, மேலே ஈரமான மெல்லிய மல் துணி போட்டு, மிதமான சூட்டில் வைத்து வைத்து எடுங்கள், இழுக்காதீர்கள். துண்டு மெத்தென்று இருந்தால்தான் பின்னலின் மேடு பள்ளம் நசுங்காது. புடைப்பாகப் பின்னிய வேலைப்பாட்டுக்கு இஸ்திரியே ஆகாது.

கஞ்சி எனக்கு உடன்பாடில்லை. லினனுக்கு இயல்பாகவே விறைப்பு உண்டு. சட்டம் போட்டு மாட்டவோ கண்காட்சிக்கோ வேண்டுமென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஜவ்வரிசி கரையக் காய்ச்சி, மல் துணியில் வடிகட்டி, விரிப்பதற்கு முன் முக்கி எடுக்கலாம். வேலை முடிந்ததும் அலசி எடுத்துவிட வேண்டும். கஞ்சியோடு பெட்டியில் வைத்தால் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்த மாதிரி.

துணியில் தைப்பது

துணியை முதலில் துவைத்துச் சுருங்க விட்டு, ஈரத்தோடு இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். துவைக்காத துணியில் தைத்தால் முதல் துவைப்பில் துணி சுருங்கி, லேஸ் அலை அலையாக நிற்கும். துணியின் ஒரு இழையை உருவி எடுத்தால் அந்தக் கோடுதான் உங்களுக்கு நேர் கோடு. அதன்மேல் லேஸின் நேர் ஓரத்தை வைத்து ஓட்டுத் தையல் போடுங்கள். மூலையில் லேஸ் துளியும் இழுபடக்கூடாது. அங்கே ஒன்றிரண்டு துளை அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

நூல், லேஸ் நூலின் நம்பரோ அதைவிட மெல்லியதோ. வலமிருந்து இடமாகப் போகிறோம். அடியிலிருந்து லேஸின் ஓரத் துளை வழியாக ஊசியை மேலே எடுங்கள். அதற்கு நேர் கீழே துணியில் இறக்கி, இடப்பக்கம் அடுத்த துளைக்கு நேர் கீழே துணியில் மேலே எடுங்கள். திரும்பி வந்து முன்பு இறக்கிய அதே இடத்தில் மறுபடி இறக்கி, இந்தத் தடவை ஊசியைச் சாய்த்து லேஸின் அடுத்த துளை வழியாக மேலே கொண்டுவந்து, அதற்கு நேர் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் நூலைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் துணியில் வரிசையாகக் குட்டித் துளைகள் விழும். அந்த வரிசை லேஸின் தொடர்ச்சி மாதிரியே இருக்கும். முடிந்ததும் பின்பக்கம் திருப்பி, மிச்சத் துணியை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, விரலால் உருட்டி மடித்துத் தைத்துவிடுங்கள்.

பாட்டி காலத்து லேஸ் கைக்கு வந்தால்

இங்கே விதிகள் மாறும். முதலில் ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நூல் தூளாக உதிர்ந்தால் தண்ணீரில் போடக்கூடாது, அருங்காட்சியகத்தில் துணி பாதுகாக்கத் தெரிந்தவரிடம் கேட்பதே நல்லது. திடமாக இருந்தால், மேலே கொசுவலையை வைத்து மென்மையான பிரஷால் தூசி தட்டிவிட்டு, சோப்பில்லாத தண்ணீரில் மட்டும் ஊற வையுங்கள். பழைய லினன் சிதையும்போது உண்டாகும் அமிலமும் மஞ்சளும் வெறும் தண்ணீரிலேயே பெருமளவு இறங்கிவிடும். மூன்று நாலு தண்ணீர் மாற்றிய பிறகு, சோப்பே வேண்டாம் என்று தோன்றும். எரித்துப் பார்த்துப் பருத்தியா லினனா என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். இரண்டும் காகிதம் மாதிரியேதான் எரியும், ஒரு துண்டு நூல் வீணானதுதான் மிச்சம்.

லேஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, தட்டினால் வெள்ளைப் பொடி உதிர்கிறது என்றால் உடனே கீழே வையுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் சில வகை லேஸை வெள்ளையாகக் காட்ட ஈய வெள்ளைப் பொடியைத் தட்டி ஏற்றினார்கள். அந்த வேலை செய்த பெண்கள் ஈய நஞ்சால் நோயுற்றார்கள். கையைக் கழுவிவிட்டு, அதை மூடிய உறையில் வைத்து, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

எடுத்து வைப்பது

மடிக்காமல் சுருட்டுங்கள். அட்டைக் குழாயின் மேல் பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் லேஸை முகப்புப் பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி, மேலே இன்னொரு துணி. செய்தித்தாள் வேண்டாம், மையும் அமிலமும் ஏறும். மர அலமாரிப் பலகையில் நேராகப் படும்படியும் வைக்க வேண்டாம், மரத்தின் அமிலம் பட்ட இடம் பழுப்பாகும். பாலித்தீன் கவரில் அடைத்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இரும்புப் பெட்டி வேண்டாம். பாச்சை உருண்டை நூலில் படக்கூடாது. வேப்பிலை போடுவதானால் காய வைத்து, தனித் துணிப்பையில் கட்டி ஓரமாக வையுங்கள்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு தடவை வெளியே எடுத்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, முன்பு சுருட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கி மறுபடி சுருட்டி வையுங்கள்.